கான்கிரீட் பிளாக் கட்டுமானத்தை வளர்க்க ஒரு சங்கம் எங்கே தொடங்க வேண்டும்?

மேடை, பேனர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கொத்தனாருக்குப் பயிற்சி கொடுங்கள். சுவரில் விரிசல் விட்டால் பழி பிளாக் மேல்தான் விழும், ஆனால் பல நேரம் தப்பு கட்டிய விதத்தில் இருக்கும். செங்கல்லோடு பழகிய கை கான்கிரீட் பிளாக்கையும் தண்ணீரில் ஊறவைத்துவிடும்; அது சுவரில் காயும்போது சுருங்கி விரிசல் விடும். இதைக் கரும்பலகையில் சொல்லாதீர்கள், கரண்டியைக் கையில் கொடுத்து ஒரு சுவரை எழுப்பச் சொல்லுங்கள். 390 மி.மீ. பிளாக்கோடு 10 மி.மீ. கலவை சேர்ந்து 400 ஆகும் கணக்கு, மூன்றாவது வரிசைக்குள் தானாகப் பிடிபடும். கலவை இறுகிய பிறகு பிளாக்கைத் தட்டி நேராக்கினால் பிடிப்பு போய்விடும், எடுத்துவிட்டுப் புதுக் கலவையில்தான் வைக்க வேண்டும், அதையும் அங்கேயே செய்து காட்டுங்கள்.

பொறியியல் மாணவர்களையும் அதே களத்துக்கு அழையுங்கள். பிளாக்கின் துளைக்குள் கம்பி நிறுத்தி கிரவுட் (இளகி ஓடும் சிமென்ட் கலவை) ஊற்றுவதை ஒருமுறை பார்த்தவர் வரைபடம் போடும்போது பிளாக்கை மறக்கமாட்டார்.

சரி, அடுத்தது விதிமுறை. கட்டட விதிகளைத் திருத்தும் குழுவுக்கு வெறும் கோரிக்கை மனுவோடு போகாதீர்கள். அழுத்த வலிமை, தீ தாங்கும் நேரம் இரண்டுக்கும் ஆய்வக அறிக்கை கையில் இருக்கட்டும். அதற்கு முன்னால், தரமில்லாத பிளாக் விற்கும் உங்கள் உறுப்பினரிடம் கண்டிப்பாகப் பேசிவிடுங்கள்.