பழைய கம்ப்யூட்டர் புத்தகங்களையும் அரசியல் புத்தகங்களையும் கைமாற்றிவிடுவது எப்படி?

அலமாரி நிரம்பிவிட்டது, எடைக்குப் போடவும் மனம் வரவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் புத்தகம் வயதாக ஆகப் பயன் குறையும், அரசியல் புத்தகத்துக்கோ சில நேரம் மதிப்பு கூடும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'இலவசம்' என்று எழுதி வைத்தால் இரண்டுமே அங்கேயே கிடக்கும்.

1. முதலில் பிரியுங்கள்

கம்ப்யூட்டர் புத்தகத்தில் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். அல்காரிதம், கம்பைலர், சி மொழி என்று அடிப்படையைச் சொல்லித் தரும் புத்தகம் என்றால் 30 வருடம் ஆனாலும் கேட்டு வாங்க ஆள் இருக்கும். பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது, இணையதளங்களில் அனிமேஷன் காட்டப் பயன்பட்ட ஃப்ளாஷின் கதையும் அதே ஆண்டு டிசம்பரில் முடிந்தது; இந்த மாதிரிப் புத்தகங்களைப் புதிதாகக் கற்பவர் கையில் கொடுப்பது உதவி இல்லை, உபத்திரவம். ஆனால் 1980-களின் 8 பிட் மெஷின்களோடு வந்த கையேடுகளும் பேசிக், டாஸ் புத்தகங்களும் இருந்தால் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள், பழைய கணினிகளைச் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ரொம்பப் பழசுக்கு ஆள் உண்டு, புதுசுக்கும் உண்டு, நடுவில் மாட்டிக்கொண்டவைதான் பாவம். அவற்றை, கூட வந்த சிடியை எடுத்துவிட்டு, மறுசுழற்சிக்கு அனுப்புங்கள்.

அரசியலில் தடித்த புத்தகத்தைவிட ஒல்லியானதைத்தான் கவனிக்க வேண்டும். தேர்தல் நேரத்துத் துண்டுப் பிரசுரம், மாநாட்டு மலர், கட்சி வெளியிட்ட சிறு நூல் எல்லாம் கொஞ்சமாக அச்சாகி, படித்ததும் தூக்கி எறியப்படுபவை. நூலகங்களில்கூடக் கிடைப்பது அரிது, ஆய்வாளர்களுக்கோ அவைதான் வேண்டும். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைவதற்கு முன் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் போட்ட நூல்களைத் தனியாக எடுத்து வையுங்கள். நமக்குப் பிடிக்காத கட்சியின் வெளியீட்டைத்தான் முதலில் கழித்துக்கட்டத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள்.

2. பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்

இது அலுப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் புத்தகங்களின் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதி வைத்திருப்போம். அரசியல் புத்தகங்களுக்குள் நன்கொடை ரசீது, உறுப்பினர் அட்டை, மற்றவர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கும் பட்டியல் என்று எதுவும் கிடக்கலாம், அடுத்தவரின் அரசியல் சார்பை வெளியில் விடும் உரிமை நமக்கு இல்லை. நூலக முத்திரை தெரிந்தால், அது நூலகமே கழித்துவிட்ட பிரதிதானா என்று பாருங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை வாடை வருவதைத் தனியே ஒதுக்குங்கள், மற்றதற்கும் பரவும்.

3. பட்டியல் போடுங்கள்

தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, நிலை. இவ்வளவு போதும். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் இருந்தால் அதை இணையத்தில் தட்டியே மீதி விவரத்தை எடுத்துவிடலாம். 2007-க்கு முன் வந்தவற்றில் அது 10 இலக்கமாக இருக்கும், பிறகு வந்தவற்றில் 13. குறைகளை ஒளிக்காதீர்கள். 'இரண்டாம் பதிப்பு, 1994, முதுகு கிழிந்திருக்கிறது, பென்சில் குறிப்புகள் உண்டு, சிடி இல்லை' என்று எழுதினால் வீண் கேள்விகள் வராது. முதுகுகள் தெரிய ஒரு போட்டோ.

4. ஆளைத் தேடுங்கள்

நூலகத்துக்குக் கேட்காமல் மூட்டையோடு போகாதீர்கள், பல நூலகங்கள் நன்கொடையை வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் புத்தகங்களுக்குக் கல்லூரி மாணவர் குழுக்கள், அரசியலுக்கு வாசிப்பு வட்டங்கள், தொழிற்சங்க அலுவலகங்கள், ஆவணக் காப்பகங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகமும் அச்சுப் புத்தகங்களை நன்கொடையாக ஏற்கிறது. ஒரே புத்தகத்தை நாலு பேர் கேட்டால், முதலில் கேட்டவருக்குத்தான் தர வேண்டும் என்று இல்லை. எதற்காக என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். ஒரே தலைப்பில் சேர்ந்தவற்றை மட்டும் உதிரியாகப் பிரிக்காமல் ஒருவருக்கே கொடுங்கள்.

5. அனுப்புங்கள்

தபால் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சின்னப் பெட்டிகளாக எடுங்கள், பெரிய பெட்டி நிறைய கம்ப்யூட்டர் புத்தகம் அடுக்கினால் தூக்கும்போது அடி பிய்த்துக்கொள்ளும். கனமானவை கீழே, படுக்கவைத்து; பிரசுரங்களை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே. வாங்குவதாகச் சொன்னவருக்கு ஒரு கெடு வைத்து, அதற்குள் வரவில்லையென்றால் அடுத்து கேட்டவருக்குக் கொடுத்துவிடுங்கள்.