பி.எட். சேரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வரும் பி.எட். மாணவர்களிடம், இந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்பேன். எங்கள் தலைமுறை சொன்ன பதில்தான் வரும்: தெரிந்தவர் சொன்னார், சேர்ந்துவிட்டோம். கடைசித் தேதியைத் தவறவிடுவது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை.

"வர வேண்டாம், தேர்வு எழுதினால் போதும்"

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் வாக்கியம் இது. தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிவிடலாம் என்று இடைத்தரகர் ஆசை காட்டுவார். கட்டணமும் மலிவாகத் தெரியும். சேர்ந்த பிறகு வருகைப் பதிவுக்கு ஒரு தொகை, ரெக்கார்டுக்கு ஒரு தொகை, செய்முறைத் தேர்வுக்கு இன்னொன்று. எதற்கும் ரசீது கிடையாது.

பணம் போனால் போகட்டும். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். அதே இரண்டு ஆண்டுகளில் முழுநேரம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழும் நீட்டினால், வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் எதைப் பொய் என்பீர்கள்?

அப்படிப் படித்த ஒரு பெண் எங்களிடம் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். பாட அறிவில் குறையே இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் நாற்பது நிமிடமும் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பினால் சத்தம் போடுவார்களே என்று பயம். பயிற்சி வாரங்களில் உண்மையாகவே ஒரு பள்ளியில் நின்றிருந்தால், பின்வரிசையில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பயம் கழன்றிருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பழகுவது அவருக்கும் வேதனை, பிள்ளைகளுக்கும் நஷ்டம்.

அவசரப்பட்டு முன்பணம் கட்டுவது

சைதாப்பேட்டை, ஒரத்தநாடு, புதுக்கோட்டை, குமாரபாளையம் என அரசு கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு உதவி பெறுபவையும் உண்டு. அவற்றின் விண்ணப்பம் வெளிவரும் முன்பே தனியாரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்டு அலைபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கணக்குப் போடும்போது விடுதியையும் பஸ்ஸையும் சேர்த்துப் போடுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே விட்டுவருவது

கூடாது.

தொடக்கப் பள்ளி ஆசையோடு பி.எட். சேர்வது

ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியல்ல என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் படியுங்கள்.

பட்டப் பாடத்தின் இணைத்தன்மையைப் பார்க்காதது

உங்கள் பட்டம் வழக்கமான பாடப் பட்டத்துக்குச் சமம் என்று அரசு ஏற்பதுதான் இணைத்தன்மை. அது இல்லாவிட்டாலும் கல்லூரி சேர்த்துக்கொள்ளும், அரசுப் பள்ளிகளுக்கு ஆளெடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியம் கேள்வி கேட்கும். புதுப் பெயரில் உள்ள பட்டம் என்றால், இணைத்தன்மை அரசாணையின் நகலைக் கையில் வாங்கிய பிறகே கட்டணம் கட்டுங்கள்.