நவீன பாலேயைப் பார்ப்பதும் அதைப் பற்றி வாதிடுவதும்

நவீன பாலேக்கு முதன்முறை செல்பவர்களில் பலர் கதையைத் தேடியே களைத்துப் போகிறார்கள். அன்னமாக மாறிய இளவரசியோ அவளை மீட்க வரும் இளவரசனோ இங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. சில படைப்புகளில் அலங்கார உடையும் காட்சியமைப்பும்கூட இராது. ஒரே மாலையில் இரண்டு மூன்று சிறிய படைப்புகளை இடைவேளை விட்டு நிகழ்த்துவது பரவலான வழக்கம் என்பதால், பேசுவதற்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். உங்களோடு எளிதில் உடன்படாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

புறப்படும் முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மரபான பாலேயில் கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திரும்பியிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், விரல்நுனியில் எழும் உடல் தன் எடையை மறைத்துக்கொள்ளும். இவற்றில் எதை நடன அமைப்பாளர் வைத்துக்கொண்டார், எதை முறித்தார் என்று கவனித்தாலே படைப்பின் பாதி பிடிபட்டுவிடும். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு நிஜின்ஸ்கி அமைத்த ‘வசந்தச் சடங்கு’ 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறியபோது, ஆடியவர்கள் கால்களை உட்புறம் திருப்பி, முதுகை வளைத்து, தரையை ஓங்கி மிதித்தார்கள். பார்வையாளர்களின் கூச்சலில் இசை அமுங்கிப் போக, நிஜின்ஸ்கி மேடையின் பக்கவாட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடுபவர்களுக்குத் தாள எண்ணிக்கையைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. கூச்சலிட்டவர்களை இன்று நாம் எள்ளி நகையாடுகிறோம். ஆனால் எது முறிக்கப்பட்டது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இருக்கையைப் பொறுத்தவரை, முதன்முறை மேல்தளமே சிறந்தது. முன்வரிசையில் காலணியின் நுனி தரையில் படும் ஒலியும் மூச்சிரைப்பும் கேட்கும், ஆனால் குழுவாக ஆடுபவர்கள் தரையில் வரையும் கோலம் தெரியாது.

தலைப்பில் பொருள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வில்லியம் ஃபோர்சைத் 1987இல் பாரிஸ் ஓபரா பாலேக்கு அமைத்த படைப்பின் பெயர் ‘நடுவில், சற்றே உயரத்தில்’ என்று பொருள்படும். மேடைக்கு மேலே பொன்னிறச் செர்ரிப் பழங்கள் தொங்குவது சரியாக அந்த இடத்தில்தான்.

இடைவேளையில் வாதம் எழும்போது ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்ற சொற்களைச் சற்று ஒத்திவைத்து, எந்தக் கணத்தில் அப்படித் தோன்றியது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். படைத்தவரின் நோக்கத்தை நடுவராக்குவதும் பெரிதாக உதவாது. ஜார்ஜ் பாலன்ஷீன் 1934இல் மாணவிகளைக் கொண்டு ‘செரனேட்’ அமைத்தபோது முதல் நாள் வந்தவர்கள் 17 பேர் என்பதால் தொடக்கக் காட்சியை 17 பேருக்கே அமைத்தார். ஒருத்தி தாமதமாக வந்ததையும் இன்னொருத்தி ஒத்திகையில் விழுந்ததையும் அப்படியே படைப்பில் சேர்த்துக்கொண்டார். தற்செயலாகப் பிறந்த அந்த விழுதலுக்கு என்ன பொருள் என்பதை அவரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ள முடியுமா?

அந்த விழுதலை என் நண்பர் மரணம் என்றார். நான் வெறும் களைப்பு என்றேன். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்று விசாரித்தபோதுதான் எங்கள் கண்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தது தெரிந்தது. நான் தரையில் கிடந்தவளின் அவிழ்ந்த கூந்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ, பின்னால் வந்த இன்னொரு பெண்ணின் கை தன் கண்களை மூடியிருக்க, கிடந்தவளை நோக்கி மெல்ல நடந்து வந்த ஆணைப் பார்த்திருக்கிறார். எனவே இயன்றால் அதே படைப்பை இரண்டாம் முறை பாருங்கள், அப்போது மற்றவர் பார்த்த இடத்தில் உங்கள் கண்ணை வையுங்கள். அப்படிப் பார்த்த பிறகும் மரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. களைப்பு என்ற சொல்லை மட்டும் கைவிட்டுவிட்டேன்.