பெற்றோரின் ஈமச்செலவு யாருடையது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாயோ தந்தையோ இறந்த வீட்டில், அழுது முடிப்பதற்குள்ளேயே பணம் பற்றிய முடிவுகளை எடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் தெரியாமல் செய்யும் பிழைகளால் உடன்பிறந்தவர்கள் பல ஆண்டுகள் பேசாமலிருக்க நேர்வது மிகவும் வருத்தத்துக்குரியது.

செலவு முழுவதும் பிள்ளைகளின் சொந்தப் பணத்திலிருந்தே போக வேண்டும் என்று எண்ணுவதுதான் எல்லாவற்றுக்கும் மூலமான தவறு. பல நாடுகளின் சட்டங்கள் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தையே முதலில் பொறுப்பாக்குகின்றன. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 320-ஆவது பிரிவு, இறந்தவரின் நிலைக்கேற்ற நியாயமான ஈமச்செலவை மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்னதாக அவருடைய சொத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. எனவே கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்றாலும், இந்தச் செலவுக்கே முன்னுரிமை. ஆனால் ‘நியாயமான’ என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. பாசத்தின் பேரில் ஒரு பிள்ளை கூடுதலாகச் செய்த செலவைச் சொத்துக் கணக்கில் சேர்க்க மற்ற வாரிசுகளும் கடன்காரர்களும் மறுக்க முடியும்.

அடுத்தது கையெழுத்து. இறுதிச் சடங்கை நடத்தித் தரும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுகிறாரோ, அவரிடமே அந்நிறுவனம் பணத்தைக் கேட்கும். சொத்தைப் பிரிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை. கையெழுத்திட்டவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு சொத்திலிருந்து திரும்பப் பெறலாம் என்றாலும், சொத்தே போதாமற்போனால் இழப்பு அவருடையதாகிவிடும். ஆகவே கையெழுத்திடும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, உடன்பிறந்தவர்களுக்குக் காட்டி, அவரவர் பங்கை ஒரு குறுஞ்செய்தியிலாவது ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். துக்க வேளையில் கணக்குப் பேசுவதா என்று கூசுவது இயல்புதான். எனினும் பேசாமல் விட்ட கணக்கு பின்னர் கசப்பாகவே திரும்பி வருகிறது. ரசீதுகள் அனைத்தையும் ஒருவரே வைத்திருப்பது நல்லது.

பெற்றோரின் ஏடிஎம் அட்டையைக் கொண்டு பணம் எடுப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். உயிருடன் இருந்தபோது அவர்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் பொதுவாக மரணத்தோடு செயலிழந்துவிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நல்லெண்ணத்தோடு எடுத்த பணமும் பின்னாளில் முறைகேடாகத் தோன்றலாம். இறப்புச் சான்றிதழையும் செலவுப் பட்டியலையும் காட்டினால், இறந்தவரின் கணக்கிலிருந்து நேரடியாக இறுதிச் சடங்கு நிறுவனத்துக்கே பணம் செலுத்தும் வங்கிகள் உண்டு. முதலில் வங்கியைக் கேட்பதே முறை.

கடனுக்கு அஞ்சி வாரிசுரிமையைத் துறந்தவர்கள், ஈமச்செலவிலிருந்தும் விடுபட்டுவிட்டதாக நம்புவது இன்னொரு பிழை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 806-ஆவது பிரிவின்படி, உரிமையைத் துறந்த பிள்ளையும் தன் வசதிக்கேற்ற அளவில் பெற்றோரின் ஈமச்செலவைத் தர வேண்டும். ஜெர்மனியில் சிவில் சட்டத் தொகுப்பின் 1968-ஆவது பிரிவு செலவை வாரிசின் மேல் வைத்தாலும், அடக்கம் செய்யும் கடமையை மாநிலச் சட்டங்கள் நெருங்கிய உறவினர் மேல் தனியாகச் சுமத்துகின்றன. அந்தக் கடமை வாரிசுரிமையைத் துறப்பதால் நீங்குவதில்லை.

சொத்தும் இல்லை, பிள்ளைகளிடம் பணமும் இல்லை என்றால், கடன் வாங்கிச் செய்துவிட்டு உதவி தேடுவது வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுச் சுகாதார (நோய்க் கட்டுப்பாடு) சட்டம், 1984-இன் 46-ஆவது பிரிவு, வேறு எவரும் ஏற்பாடு செய்யாத உடலை அடக்கம் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்குத் தருகிறது. செலவை அது இறந்தவரின் சொத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். பிள்ளை தானே முன்வந்து ஏற்பாட்டைச் செய்துவிட்டால் அந்தக் கடமை எழுவதே இல்லை. அதனால் பணமில்லாதவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே தம் பகுதி அலுவலகத்தை அணுகிக் கேட்க வேண்டும்.