கேரவன் ஃப்ரிட்ஜ் கூலிங் போச்சா? காசு போடுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

சித்திரை பொறந்துட்டாப் போதும், வேன்ல ஃப்ரிட்ஜ் வச்சிருக்க ஆளுக எல்லாம் ஒரே கேள்விதான், பழசு கூலிங் வரல, ரிப்பேர் பாக்கவா இல்ல தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கவா. வயச மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அது என்ன டைப், அதுல எது போயிருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க.

வண்டிக்கு வெளிப்பக்கம் இருக்க வென்ட் ஜாலியக் கழட்டிப் பாருங்க. கருப்பா உருண்டையா மோட்டார் இருந்தா அது கம்ப்ரசர் டைப். மோட்டாரே இல்லாம பைப்பு வளைஞ்சு வளைஞ்சு போயி, அடியில ஒரு சின்ன டேங்க்கும் கேஸ் பர்னரும் இருந்தா அது த்ரீ வே, வீட்டு கரண்ட், 12 வோல்ட் பேட்டரி, சிலிண்டர் மூணுலயும் ஓடும். பழைய வெளிநாட்டு கேரவன்ல பெரும்பாலும் இதுதான் இருக்கும், நம்மாளுகள அதிகமா சுத்த விடுறதும் இதுதான்.

த்ரீ வேல அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூணையும் உள்ள அடைச்சு சீல் பண்ணிருப்பாங்க, அடியில சூடு குடுத்தா மேல குளிரும். வண்டி சாஞ்சு நின்னா உள்ள அந்த ஓட்டம் சரியா நடக்காது, அதனால மொதல்ல ரசமட்டத்த ஃப்ரீசர் தட்டுல வச்சு வண்டிய சமமா நிறுத்துங்க, வீட்டு கரண்ட்ல போட்டு ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. கரண்ட்ல குளிருது கேஸ்ல குளிரலன்னா, இல்ல கேஸ்ல குளிருது கரண்ட்ல இல்லன்னா, உள்ள இருக்க யூனிட் நல்லாத்தான் இருக்கு, சூடு குடுக்குற சாமான்தான் போயிருக்கு. இது சின்ன செலவு, கண்டிப்பா ரிப்பேர்தான்.

கரண்ட்ல வரலன்னா வயரக் கழட்டிட்டு மீட்டர் வச்சு ஹீட்டரப் பாருங்க, 230 வோல்ட் 125 வாட்ஸ் ஹீட்டர்னா 420 ஓம் பக்கம் காட்டணும், 12 வோல்ட் 120 வாட்ஸ்னா 1.2 ஓம், எதுவுமே காட்டலன்னா ஹீட்டர் அவுட்டு. கேஸ்ல பத்த வச்சு நாப்ப விட்டதும் அணைஞ்சுருதுன்னா முக்காவாசி தெர்மோகப்பிள்தான், அதாவது தீ எரியுதான்னு பாத்து கேஸத் தொறந்து வைக்கிற சென்சார். தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா ஜெட்டும் (பர்னருக்குக் கேஸ் வர்ற பொடி ஓட்டை) புகைக்குழாயும் அடைச்சிருக்கும், கழட்டி சுத்தம் பண்ணணும், ஜெட்டுக்குள்ள மட்டும் ஊசி கீசி விட்டு நோண்டிராதீங்க, ஓட்டை பெருசாயிரும். இன்னொன்னு, நம்ம வீட்டு ரெகுலேட்டர் 30 மில்லிபார், பழைய ஜெர்மன் ஃப்ரிட்ஜ் சிலது 50 கேக்கும், அதுல நம்ம சிலிண்டர மாட்டுனா தீ சோம்பலாத்தான் எரியும், ஸ்டிக்கரப் பாத்துக்கங்க.

மூணுலயும் குளிரல, ஆனா அடியில சூடு வாங்குற பாய்லர் நல்லா சுடுதுன்னா யூனிட் போயிருச்சுன்னு அர்த்தம். மூக்கப் பிடுங்குற மாதிரி அம்மோனியா வாடை வந்தாலோ, பைப்புல மஞ்சப் பொடி பூத்திருந்தாலோ சந்தேகமே வேணாம். அந்த மஞ்சப் பொடி, பைப்பு துருப் பிடிக்காம இருக்க உள்ள கலந்த குரோமேட், அது விஷம், வெறுங்கைல தொடக்கூடாது. இந்த இடத்துலதான் ஏசி மெக்கானிக் யாராவது "விடுங்கண்ணே, கேஸ் சார்ஜ் பண்ணிருவோம்"னு சொல்லுவாரு, ஒத்துக்காதீங்க, இது சாதா கேஸ் ஏத்துற வேலையே இல்ல, உள்ள ஹைட்ரஜன் வேற இருக்கு, தீ வச்சு பைப்ப ஒட்டுற பிரேசிங் போடப் போனா ஆபத்து. தலைகீழா கவுத்து வச்சா சரியாயிரும்னு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, உள்ள அடைப்புன்னா சில சமயம் வேலை செய்யும், ஆனா அத நம்பி டூர் கெளம்ப முடியாது.

ஃப்ரிட்ஜ் நல்லா இருந்தும் வெயிலுல தோக்குறதும் நெறைய நடக்கும். உள்ள ஸ்டிக்கர்ல க்ளைமேட் க்ளாஸ் போட்டிருக்கும், N-னு இருந்தா சுத்தி 32 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும், ST-னா 38, T-னா 43. மே மாசம் மதுரைல வெளியவே 40 தொடும்போது, வெயில்ல நிக்கிற வேனுக்குள்ள N க்ளாஸ் ஃப்ரிட்ஜ் என்னதான் பண்ணும்? கொடைக்கானல் ஏறி லாட்ஜ் பிளக்குல போட்டா ஜில்லுனு இருக்கு, எறங்கி வத்தலக்குண்டு வந்ததும் செத்துருதுன்னா ஃப்ரிட்ஜ்மேல தப்பு இல்ல. பின்னாடி காத்து கீழ நுழைஞ்சு மேல போக வழி இருக்கான்னு பாத்து, மேல் வென்ட்கிட்ட 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்னு ரெண்டு மாட்டுங்க, நல்ல வித்தியாசம் தெரியும்.

கம்ப்ரசர் டைப்புக்கு மொதல் சந்தேகம் வயர். மோட்டார் ஸ்டார்ட் ஆகுற அந்த நொடில ஃப்ரிட்ஜ் டெர்மினல்ல வோல்டேஜ் பாருங்க, பேட்டரிகிட்ட இல்ல. நெறைய மாடல் 10.4-க்குக் கீழ எறங்குனா கட் ஆகி, 11.7 வந்தாத்தான் திரும்ப எடுக்கும், அதனால வயர் மெலிசா இருந்தா ஸ்டார்ட் ஆகும் நிக்கும், ஸ்டார்ட் ஆகும் நிக்கும். பேட்டரில இருந்து 6 ஸ்கொயர் எம்எம் வயர் நேரா இழுத்துட்டா பாதி ஃப்ரிட்ஜுக்கு உயிர் வந்துரும். மோட்டார ஓட்டுற கன்ட்ரோல் கார்டு போச்சுன்னா கார்ட மட்டும் மாத்தலாம், ஆர்134ஏ-ங்கிற கூலிங் கேஸ் லீக்னா நம்ம ஊர் மெக்கானிக்கே லீக்க அடைச்சு சார்ஜ் பண்ணிருவாரு. மோட்டாரே ஜாம்னா விட்டுருங்க.

எந்த டைப்பா இருந்தாலும் கதவு ரப்பர்ல ஒரு பத்து ரூபா நோட்ட வச்சு மூடி இழுங்க, லூசா வந்தா ரப்பர் மாத்தணும், சின்ன வேலை. வெளிப்பக்கத் தகரம் எந்நேரமும் வேர்த்து நனைஞ்சே கெடந்தா உள்ள ஃபோம் தண்ணி குடிச்சிருக்கலாம், அதுக்கு வைத்தியம் இல்ல. மொத்த ரிப்பேர் பில்லு புதுசு விலைல பாதியத் தாண்டுனா நான் புதுசுக்குத்தான் போவேன்.

புதுசுன்னா நம்ம வெயிலுக்கு 12 வோல்ட் கம்ப்ரசர்தான், இதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. ஆனா பேட்டரிக் கணக்கப் போட்டுருங்க. ஓடும்போது 45 வாட்ஸ்னா கிட்டத்தட்ட 4 ஆம்ப், நாள்ல பாதி நேரம் ஓடுனாலே 48 ஆம்பியர் ஹவர். சாதா 100 ஏஹெச் பேட்டரில பாதிதான் எடுக்கணும், அப்ப ஒரு நாள்தான் தாங்கும், மேல சோலார் இல்லன்னா ரெண்டாம் நாள் காலைல பால் திரிஞ்சிரும். வீட்டு மினி ஃப்ரிட்ஜ இன்வெர்ட்டர்ல ஓட்டுறது ஜெனரேட்டரோட நிக்கிற ஷூட்டிங் வண்டிக்கு ஓகே, காட்டுப்பக்கம் தங்குறவங்களுக்கு வேணாம், இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே கரண்டக் குடிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பழசு இருந்த பொந்து அளவ எடுத்துக்கங்க, பின்னாடி காத்துக்கு எடமும் விடணும்.

பழைய த்ரீ வேயக் கழட்டும்போது கேஸ் லைன வெவரம் தெரிஞ்ச ஆள வச்சு அடைச்சு, சோப்புத் தண்ணி விட்டு லீக் இருக்கான்னு பாத்துருங்க. காயலான் கடைல போடுறதா இருந்தா உள்ள அம்மோனியா இருக்கு, சுத்தியல வச்சு பைப்ப உடைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போடுங்க.