கடற்கரை ஊரின் நூலகத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை நெடுகிலும், தொண்டி முதல் தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம், மூக்கையூர் வரையிலும், ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் இருக்கின்றன. அவற்றில் குழந்தைகளுக்கான நூல்களும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் இரும்பு அலமாரிக்குள், பூட்டப்பட்டு, முதுகுப்புறம் மட்டும் தெரியும்படி இருக்கின்றன. இத்தகைய நூலகங்களில் குழந்தைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில், புதிதாகப் பொறுப்பேற்கும் நூலகர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயன்படும் என்று நான் கருதுபவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏழை வீட்டுப் பிள்ளை புத்தகத்தை எடுக்கத் தயங்குவதற்கு ஆர்வமின்மையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். நான் கண்ட காரணம் பயம். கிழிந்துவிடுமோ என்று பிள்ளை பயப்படுகிறது. தண்டம் கட்டச் சொல்வார்களோ என்று தாய் பயப்படுகிறார். தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட நேருமோ என்று நூலகர் பயப்படுகிறார். இந்த மூன்று பயங்களும் சேர்ந்துதான் அலமாரிக்குப் பூட்டுப் போடுகின்றன. சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை மனத்தில் கொண்டே அவர் அவ்விதியை விளக்கினார். நம் ஊர்ச் சங்கிலி அந்தப் பூட்டுதான்.

முதல் மாதம் செய்ய வேண்டியது

முதல் மாதத்தில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எந்த நாளில், எந்த நேரத்தில், எத்தனை பிள்ளைகள் ஊரில் கையோய்ந்து இருக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களிலும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் தொழிலுக்குப் போவது வழக்கம். ஆகவே உங்கள் ஊரில் எவ்வகைப் படகுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, கரையில் ஏலமும் மீன் பிரிக்கும் வேலையும் நடக்கும் காலைப் பொழுதுகள் மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெண்கள் விடியுமுன்பே பாசி எடுக்கப் புறப்பட்டுவிடுவதால், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பாள். முஸ்லிம் பிள்ளைகள் ஓதப்பள்ளிக்குப் போகும் நேரம், கிறித்தவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசைக்குப் பின் நடக்கும் மறைக்கல்வி நேரம், சாயல்குடிப் பக்கமானால் பனைத் தொழில் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் ஞாயிறு நமக்குக் கிடைக்கிறது. அதைக் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் பள்ளிக் கோடை விடுமுறையும் வந்துவிடுகிறது. விசைப்படகுக் குடும்பங்களில் கையில் காசு இல்லாத காலம் அது. ஆனால் தகப்பன்மார் வீட்டில் இருக்கும் காலமும் அதுவே. ஆண்டு முழுவதும் செய்ய நினைக்கும் பெரிய வேலைகளை, குறிப்பாகத் தந்தையரை நூலகத்துக்குள் வரவழைக்கும் வேலையை, அந்த இரண்டு மாதங்களுக்குத் தள்ளி வைப்பது நல்லது.

கைக்குழந்தையோடு வரும் அக்காளைத் திருப்பி அனுப்பாதீர்கள். குழந்தை அழும், தரையை நனைக்கும்; அதற்கொரு பாயும் துணியும் வைத்துக்கொண்டால் போதும். அவளைத் திருப்பி அனுப்பினால் நீங்கள் இழப்பது இரண்டு வாசகர்களை.

இடமும் உப்புக்காற்றும்

கட்டடம் இல்லையே என்று வருந்துவதற்கு முன், ஊராட்சியில் விசாரியுங்கள். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டப்பட்டது. அவற்றுள் பயன்பாடின்றிக் கிடப்பவை உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பல ஊர்களில் முதல் வேலை.

அறைக்குள் குழந்தைகள் பகுதிக்கு மூன்றரை அடி உயரத்துக்கு மேல் அலமாரி வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை யாரையும் கேட்காமல், எக்கிப் பார்க்காமல், தானே எடுத்துத் தானே வைக்க முடிய வேண்டும். படப் புத்தகங்களின் அட்டை வெளியே தெரிய வேண்டும். சுவரில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டினாலே அது நடந்துவிடும். இரும்பு அலமாரி இக்காற்றில் நான்கைந்து ஆண்டுகளில் துருவேறி, அந்தத் துரு நூலின் அடிப்பக்கத்தில் ஒட்டும். மரமே நல்லது. அதுவும் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டும், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்தும் இருக்க வேண்டும். கரையானுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் அதுவே முதல் காப்பு. புயல் எச்சரிக்கை வந்தால் கீழ்த்தட்டு நூல்களை மேலேற்றும் வேலையை இரண்டு பெரிய பிள்ளைகளின் பொறுப்பாக முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குழந்தை நூல்களில் பெரும்பாலானவை நடுவில் கம்பி ஊசி அடித்தவை. உப்புக்காற்றில் முதலில் கெடுவது அந்த ஊசிதான். அது துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளை அரித்து, நடுப்பக்கம் தனியே வந்துவிடும். ஆகவே புதிய நூல் வந்தவுடன், பதிவேட்டில் ஏற்றும் முன்பே, ஊசியைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் மெழுகு தடவிய பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். வலை பழுதுபார்க்கும் வீடுகளில் நைலான் இழை தாராளமாகக் கிடைக்கும் என்பதால் நான் தொடக்கத்தில் அதனால் தைத்தேன். அந்த இழை தாளை அறுத்துவிட்டது, ஏறக்குறைய முப்பது புத்தகங்களைத் திரும்பத் தைக்க நேர்ந்தது. இழையைத்தான் தவறாகத் தேர்ந்தேனே தவிர, கைகளைச் சரியாகவே தேர்ந்தேன். வலையில் கண்ணி விழுந்த இடத்தைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளும் தாய்மார்களுக்கு நூல் தைக்க ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். அப்படித் தைக்க வந்தவர்களில் சிலர், எழுத்துக்கூட்டிப் படங்களின் கீழுள்ள வரிகளைப் படிக்கத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கடல்நீரில் நனைந்து வந்த புத்தகத்தை வெயிலில் வைக்கக் கூடாது, தாள் முறுக்கிக்கொள்ளும். பக்கங்களுக்கிடையே பழைய செய்தித்தாளைச் செருகி, நிழலில் காற்றோட்டமாக வைத்து, ஈரத்தாளை மாற்றிக்கொண்டே இருந்து, ஓரளவு காய்ந்த பின் பாரம் ஏற்றி வையுங்கள். பளபளப்பான தாளாக இருந்தால் அன்றைக்கே பிரித்தால்தான் பிழைக்கும்.

இரவல் கொடுப்பதில் இருக்கும் சூட்சுமம்

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். அரசு வழங்கிய நூல்கள் இருப்புப் பதிவேட்டில் எண் இடப்பட்டவை. அவற்றுக்கு நூலகர் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கவலையை இல்லையென்று நடித்துப் பயனில்லை. எனவே வாசகர் வட்டத்தின் பெயரில், நன்கொடையாக வந்த நூல்களைக் கொண்டு, குழந்தைகளுக்கெனத் தனியாக ஓர் இருப்பை உண்டாக்கி, அதற்குத் தனி நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நூறு மெல்லிய புத்தகங்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். இந்த இருப்புக்கு உறுப்பினர் அட்டை வேண்டாம், முன்பணம் வேண்டாம், தண்டம் வேண்டாம். பிள்ளை தன் பெயரைத் தானே எழுத வேண்டும். எழுத வராவிட்டால் ஒரு மீன் படம் வரைந்தாலும் போதும். மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குழந்தைகள் போல, சான்று கேட்டாலே பின்வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நோட்டுத்தான் வாசல்.

தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தொலையும்தான். தொலைத்த பிள்ளை வந்து சொன்னால், சொன்னதற்காகவே அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுங்கள். கிழிந்த புத்தகத்தைக் கொண்டுவந்தால் பசையையும் தாளையும் கொடுத்து அதே பிள்ளையை ஒட்டச் சொல்லுங்கள். நான் அறிந்த ஒரு நூலகத்தில், நனைந்த புத்தகத்துக்காக ஒரு சிறுவனை எல்லார் முன்பும் கண்டித்தார்கள். அவன் மட்டுமன்றி அவன் தெருவே பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அந்தப் புத்தகத்தின் விலை இருபத்தைந்து ரூபாய்.

பழுதான அரசு நூல்களை மூட்டையாகக் கட்டிப் பரணில் போடாமல், ஆண்டுக்கொரு முறை பட்டியலிட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி, முறைப்படி கழிவு செய்யக் கேளுங்கள். தணிக்கை குறித்த கவலை பாதி குறையும்.

எந்த நூல், எந்தப் பிள்ளைக்கு

வயதைக் கொண்டு நூல்களைப் பிரிக்காதீர்கள். பன்னிரண்டு வயதில் எழுத்துக்கூட்டும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய உண்டு. ‘ஐந்து வயதினருக்கு’ என்று எழுதிய தட்டை அவர்கள் தொடமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. அந்தப் பெயர்களே நன்றாக இருக்கின்றன; நான்கு வண்ணப் பொட்டுகளை ஒட்டி உங்கள் இருப்பு முழுவதையும் அப்படியே பிரித்துவிடலாம். பள்ளிகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் மிஞ்சும் பிரதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறலாம். நேஷனல் புக் டிரஸ்டின் நூல்கள் விலை மலிவானவை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

படிக்கத் தடுமாறும் பெரிய பையனுக்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிடுங்கள்; முந்தின நாளே புத்தகத்தைக் கொடுத்து ஒத்திகை பார்த்துவர அனுப்புங்கள். தம்பிகளுக்காக என்ற பெயரில் எளிய புத்தகத்தை அவன் கூச்சமின்றிப் பத்துத் தடவை படித்துவிடுவான்.

கதை நேரம் அரைமணிக்கு மேல் நீள வேண்டாம். ஒரு புத்தகத்தை முழுமையாகப் படியுங்கள். இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று முடிவில் கேட்காதீர்கள், அது பள்ளிக்கூடத்தை உள்ளே கொண்டுவந்துவிடும். பிள்ளைகள் உங்களைத் திருத்த இடம் கொடுங்கள். படப் புத்தகத்தில் கடற்பசு என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினால், அது ஆவுளியா என்று மூன்று பேர் ஒரே குரலில் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பது என் வழக்கம்.

அங்கிருந்து அடுத்த அடியை எடுத்து வைக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்வாழ் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளைக் கண்ணெதிரே பார்த்து வளரும் பிள்ளைகளுக்குத் தங்கள் கடலைப் பற்றிய புத்தகம் தங்கள் சொற்களில் கிடைப்பதில்லை. அவர்களே செய்யட்டும். நான்கு தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் பதினாறு பக்கம். ஒரு புத்தகத்தில் சூடை, காரல், நகரை, முரல், சீலா, திருக்கை என்று தாத்தாவிடம் கேட்டு எழுதிய மீன்கள். இன்னொன்றில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுகளும் அவை அடிக்கும் மாதங்களும். அட்டையில் பிள்ளையின் பெயரை ஆசிரியர் என்று எழுதி, தனி நோட்டில் வரிசை எண் இட்டு, மற்ற நூல்களோடு தட்டில் வையுங்கள். என் நூலகத்தில் அதிகம் இரவல் போனவை இவைதாம்.

பணமும் ஆள்பலமும்

நம் மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்பட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. குடிசைகள் நிறைந்த ஊரிலிருந்து போகும் வரி சிறிதாகத்தான் இருக்கும்; அதனால் கேட்கும் உரிமை குறைந்துவிடாது. குழந்தை நூல்கள், தாழ்வான அலமாரி என்று தேவையை வரிசைப்படுத்தி எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகும் முறை நூலகத் துறையில் இருக்கிறது. கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊருக்கு வரும் நாள்களை அறிந்து அணுகினால் மறுக்கமாட்டார்கள். பணத்தைவிட, பட்டியல் கொடுத்துப் புத்தகமாகவே வாங்கித் தரச் சொல்வது நல்லது. இல்லாவிட்டால் வீட்டில் மிஞ்சிய வழிகாட்டி நூல்கள் வந்து சேரும்.

நூலகத்துக்கு வர இயலாத தெருக்களுக்கு நாமே போக வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் போயிருக்கிறது. அதே ஆண்டில் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், சிறுவனாக இருந்தபோது உள்ளூர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் இரவல் வாங்கிப் படித்ததைப் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுத் திண்ணை போதும் என்பதற்காகச் சொல்கிறேன். மீன் அள்ளும் பிளாஸ்டிக் கூடை இரண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றிலும் இருபது புத்தகங்களை அடுக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு திண்ணை என்று சுற்றவிடுங்கள். மீன் வாடை போகாவிட்டால் எலுமிச்சைத் தோலால் தேய்க்கலாம். கொஞ்சம் மிஞ்சினாலும் இங்கே யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பும் புள்ளிவிவரத்தில் வருகை எண்ணிக்கையும் இரவல் எண்ணிக்கையும் இருக்கும். அவற்றோடு, உங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாதம் எந்தப் புத்தகத்தை எத்தனை முறை ஒட்டினோம், எத்தனை முறை தைத்தோம் என்று. ஆண்டு முடிவில் அந்தப் பட்டியலின் தலையில் இருக்கும் பத்து நூல்களில் இரண்டிரண்டு பிரதிகள் வாங்கக் கேட்டு எழுதுங்கள். ஒருமுறைகூடப் பசை தொடாமல் புதிதாகவே இருப்பவற்றை அடுத்த நூலகத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள்.