கடையிலும் கம்பெனியிலும் துப்பாக்கி: யார் கையில் இருக்கலாம், எப்படி வைக்க வேண்டும்

நகைக்கடை, அடகுக்கடை, பெட்ரோல் பங்க், சிப்காட் தொழிற்சாலை, எதுவானாலும் எங்கள் பதில் ஒன்றுதான். ஊழியர் கையில் துப்பாக்கி வேண்டாம். ஆயுதம் கட்டாயம் தேவை என்றால், பயிற்சி பெற்ற காவலர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணெல்லாம் பணத்தின் மேல். அவர் இழுப்பறையில் இருக்கும் ரிவால்வர் திருட வந்தவன் கைக்குப் போய்ச் சேரத்தான் வாய்ப்பு அதிகம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே சிப்காட்டில் சால்வென்ட் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) கையாளும் பிளாண்ட் என்றால் பேச்சே இல்லை. தீப்பெட்டியையே கேட்டில் வாங்கி வைக்கிற இடத்துக்குள் தோட்டா போகக் கூடாது. காவலர்கூட கேட்டுக்கு வெளியிலேயே நிற்கட்டும்.

தன் பெயரில் உரிமம் வைத்திருக்கும் ஊழியர், "லைசென்ஸ் இருக்கே சார்" என்று கேட்பார். உரிமம் அவருக்கு அரசு கொடுத்தது; உங்கள் வளாகத்துக்குள் கொண்டுவரலாமா என்பது நீங்கள் முடிவு செய்வது. மறுப்பை எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அவருடைய ஃபைலில் வையுங்கள். "ஆபீஸ் லாக்கரில் வைத்துவிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த லாக்கர் சாவி யாரிடம் இருக்கிறதோ, உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் என்ற பழி அவர் மேல் வரும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. குற்றம் கம்பெனியுடையது என்றால், பொறுப்பில் இருந்தவரையும் ஆயுதச் சட்டம் பிரிவு 33 இழுத்துக்கொள்ளும்.

காவலரை எடுக்கும்போது ஏஜென்சி சொல்வதை அப்படியே நம்பாமல், அசல் ஆவணங்களை வாங்கிப் பாருங்கள். உரிமத்தில் யூ.ஐ.என். என்ற தனி அடையாள எண் இருக்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண் உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்குத்தான். முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கிவிட்டு அதே துப்பாக்கியோடு காவல் வேலைக்கு வருபவர்களைத் தவிர்ப்பது நல்லது. நிறுவனத்தின் பெயரில் உரிமம், அதில் ரீடெய்னராக (உரிமதாரர் சார்பில் ஆயுதம் ஏந்துபவராக) காவலர் பெயர் என்று இருப்பதே சரியான வழி. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. பயிற்சிக்கு, தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான பசாரா சட்ட விதிகளில் கணக்கு இருக்கிறது: வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி. முன்னாள் ராணுவத்தினருக்கு 40ம் 16ம். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் எல்லை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் சில நிமிடத்தில் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. பாகூர் பக்கமோ எது எந்த மாநிலம் என்று சட்டென்று சொல்லவே முடியாது. உரிமத்தில் 'செல்லுபடியாகும் பகுதி' தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், பணம் கொண்டு போகிற வண்டியில் காவலர் முள்ளோடை எல்லையைத் தாண்டக் கூடாது. ஏஜென்சியின் பசாரா உரிமமும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. இரண்டு பக்கமும் கிளை வைத்திருப்பவர்கள் இரண்டு உரிமத்தையும் பார்த்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள்.

பெரும்பாலும் வருவது 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல் துப்பாக்கி)தான். விபத்து நடப்பது அநேகமாக ஷிஃப்ட் மாறும் நேரத்தில். பெரும்பாலான மாடல்களில் சேஃப்டி பூட்டுவது விசையை (டிரிக்கரை) மட்டும். உள்ளே ஏறி நிற்கும் சுத்தியலை அல்ல. நாற்காலியில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்தாலே வெடிக்கலாம். அதனால் பேரல் காலி, தோட்டா பெல்ட்டில் என்று விதி வையுங்கள். நிரப்பச் சில நொடி போதும்.

கைமாற்றத்துக்கு ஒரு தனி மூலை வேண்டும். ஆட்கள் நடமாடாத சுவர் ஓரம், கல் சலித்த மணல் முக்கால்வாசி நிரப்பிய டிரம். ஈரக்காற்றில் மணல் கட்டி தட்டும், மாதம் ஒருமுறை வெயிலில் காய வையுங்கள். பேரல் வாய் டிரம்முக்குள் பார்க்கட்டும். மணலில் குத்தக் கூடாது, அடைத்துக்கொண்ட பேரல் சுட்டால் கிழியும். விரல் விசைக்கு வெளியே. கட்டை விரலால் மேல் லீவரை வலப்பக்கம் தள்ளிப் பேரலை மடக்குங்கள். தோட்டா இருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு துளையிலும் சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, மடக்கிய நிலையிலேயே கொடுங்கள். வாங்குபவரும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். பதிவேட்டில் நேரம், துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, இரண்டு கையெழுத்து. ஒரு தோட்டா குறைந்தாலும் பழைய ஆள் வீட்டுக்குப் போகக் கூடாது.

உப்புக்காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். வாரம் ஒருமுறை பேரலுக்குள் பிரஷ் விட்டு, எண்ணெய் மெல்லிசாகத் தடவித் துணியால் துடையுங்கள். அதிகம் ஊற்றினால் எண்ணெய் தோட்டாவுக்குள் இறங்கி, வெடிக்காமல் போகலாம். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், உறை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு சாவி.

எப்போது சுடலாம் என்பதைக் காவலரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடச் சட்டம் இடம் தராது. உயிருக்கோ பெரும் காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலை வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள் 38, 41 இதைச் சொல்கின்றன. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது தவறில்லை, தோட்டா மட்டும் வேறு அறையில் இருக்கட்டும். கொண்டாட்டத்துக்குச் சுட்டு யார் உயிருக்காவது ஆபத்து வந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

துப்பாக்கியோ தோட்டாவோ காணாமல் போனால், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவலர் வேலையை விட்டால் அன்றே ஆயுதத்தை வாங்கிப் பூட்டிவிட்டு, ரீடெய்னர் பெயரை நீக்க ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். விலக்கு வேண்டுமானால் காரணத்தோடு முன்கூட்டியே மனு போட வேண்டும்.